கும்மிடிப்பூண்டி–திருவள்ளூர் தொழிற்பகுதி: இயந்திர விபத்துகளும் உயரத்திலிருந்து விழுதலும்

திருவள்ளூர் மாவட்டத்து ஆலைகளிலும் பட்டறைகளிலும் தொழிலாளரை நிரந்தரமாக முடக்கும் விபத்துகளில் முக்கியமானவை இரண்டு: ஓடும் இயந்திரத்தில் கை சிக்குவது, உயரத்திலிருந்து விழுவது. கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் பழைய இரும்பை உருக்கும் ஃபர்னஸ்களும், அதைக் கம்பியாக உருட்டும் ரோலிங் மில்களும் உள்ளன. திருவள்ளூர் நகரை அடுத்த காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் சிறு, நடுத்தர ஆலைகள் இயங்குகின்றன. 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையும் 2018-இல் சென்னை மாவட்டத்துக்கு மாறும்வரை இம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. கடினமான வேலைகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து காண்ட்ராக்டர் வழியாக வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பிரஸ்ஸும் விரல்களும்

தகட்டை வெட்டி வளைக்கும் பவர் பிரஸ், விரல்களுக்கு மிகக் கொடிய இயந்திரம். பெடலை மிதித்ததும் கிளட்ச் பிடித்து, சுழன்றுகொண்டிருக்கும் ஃப்ளைவீலின் வேகம் முழுவதும், மேலும் கீழும் இயங்கித் தகட்டை அழுத்தும் ‘ராம்’ என்ற பகுதிக்குப் போகிறது. பழைய சாவி கிளட்ச் பிரஸ்களில் ஒருமுறை பிடித்துவிட்டால் ராம் கீழே இறங்கி மேலே ஏறிய பிறகுதான் நிற்கும். இடையில் நிறுத்த வழியே கிடையாது. சாவி தேய்ந்தாலோ ஸ்பிரிங் உடைந்தாலோ பெடலில் கால் படாமலே ராம் இன்னொரு முறை இறங்கிவிடும். டையில் (அச்சில்) ஒட்டிய துண்டை எடுக்க விரல் உள்ளே போயிருக்கும் நொடி அது. “கவனக்குறைவு” என்று பதிவேட்டில் எழுதப்படும் விபத்துகளில் இப்படிப்பட்ட இயந்திரக் கோளாறும் ஒளிந்திருக்க முடியும்.

கை குறுக்கிட்டால் பிரஸ்ஸை நிறுத்தும் ஒளித்திரை சென்சாரை இந்தப் பழைய பிரஸ்களில் மாட்டிப் பயனில்லை. நடுவழியில் நிற்க முடியாத ராமுக்கு எச்சரிக்கை கிடைத்து என்ன ஆகும்? விரலே நுழையாத அளவுக்கு டையைச் சுற்றிக் கூண்டு போடலாம். இல்லையென்றால் கிளட்சையே காற்றழுத்த வகைக்கு மாற்ற வேண்டும். இரண்டு கைகளாலும் பட்டனை அழுத்தினால்தான் ஓடும் அமைப்பு நல்லதுதான். ஆனால் பீஸ் கணக்கு நெருக்கும்போது ஒரு பட்டனைக் குச்சி செருகி நிரந்தரமாக அழுத்தி வைத்துவிடுகிறார்கள். செருகியவரைக் குறை சொல்வது எளிது. ஒரு ஷிப்டுக்கு இத்தனை பீஸ் என்று நிர்ணயித்தவரிடமே முதல் பொறுப்பு இருக்கிறது.

ரோலிங் மில்லில் உருளைகளின் இடுக்கும், தடம் மாறித் துள்ளி வெளியேறும் சிவந்த கம்பியும் ஆபத்து. பெல்ட் கன்வேயரை ஓடவிட்டபடியே சுத்தம் செய்யும்போது கை இழுபடுகிறது. சுத்தம் செய்யும்போதும் பழுது பார்க்கும்போதும் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சைப் பூட்டி, சாவியை வேலை செய்பவரே வைத்துக்கொண்டால் இது நேராது.

கூரையிலிருந்து

மழைக்கு முன் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஒழுகலை அடைக்க ஒருவர் ஏறுகிறார். இரும்புச் சட்டம் ஓடும் இடத்தில் மிதித்தால் ஷீட் தாங்கக்கூடும். இரண்டு சட்டங்களுக்கு நடுவே மிதித்தால் ஓசையோடு உடைந்துவிடலாம். வெளிச்சத்துக்காகப் பதித்த பிளாஸ்டிக் ஷீட்டும் ஆலைப் புகை படிந்து மற்றவற்றைப் போலவே கறுத்திருப்பதால், எது எதுவென்று மேலே நிற்பவருக்குத் தெரிவதில்லை. கீழே கான்கிரீட் தரை அல்லது இயந்திரம். கிரேன் பாதை, ஃபர்னஸ் மேடை, மூடாத குழி ஆகியவற்றிலும் விழுகிறார்கள்.

2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 32-ஆம் பிரிவில், விழ வாய்ப்புள்ள உயரத்தில் வேலை செய்பவருக்குத் தடுப்போ வேறு பாதுகாப்போ வேண்டும் என்றது. கூரையில் நடப்பதற்குப் பலகை, கீழே வலை, பெல்ட்டின் கொக்கியை மாட்ட உறுதியான கம்பி ஆகியவை அதற்கான வழிகள். பெல்ட்டை மட்டும் கொடுத்துவிட்டு, கொக்கியை மாட்ட இடமே இல்லாமல் ஆளை ஏற்றுவது பாதுகாப்பு ஆகாது. ஆலையின் உற்பத்தியில் இல்லாத பெயின்டர், வெல்டர், தினக்கூலிகளும் இந்த வேலைகளுக்கு அழைக்கப்படுவதால், விழுந்தவர் பெயர் ஆலைப் பதிவேட்டில் இல்லாமல் போகக்கூடும்.

ஆலைக்கு வெளியே, கட்டுமானத்திலும் இதே நிலைதான். 2025 செப்டம்பர் 30 அன்று இம்மாவட்டக் கடலோரத்தில் எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் திட்டத்தில் இரும்புக் கட்டமைப்பு சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் அசாம் மாநிலத்தவர்.

சிகிச்சை

வடசென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு இந்தியாவில் முன்னோடி. அதை 1971-இல் தொடங்கியவர் டாக்டர் ஆர். வெங்கடசாமி. சாய்வாக வெட்டுப்பட்ட விரல் நுனியை அதே விரலின் தோலை முக்கோணமாக நகர்த்தி மூடும் முறையை அவரும் இணைக் கட்டுரையாளர் சுப்பிரமணியனும் 1980-இல் வெளியிட்டனர். உலகெங்கும் கை அறுவை மருத்துவர்கள் அதைக் கையாள்கிறார்கள். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்துக் கொண்டுபோக வேண்டும். விரலை நேராக ஐஸில் போட்டால் திசு கெட்டுவிடும். ஒவ்வொரு ஷிப்டிலும் ஒருவருக்காவது இது தெரிந்திருப்பது அவசியம்.

இழப்பீடும் கணக்கும்

ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டவணைப்படி கட்டைவிரல் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கோ சுண்டு விரலுக்கோ 7, ஒரு கையின் நான்கு விரல்களுக்கு 50 சதவீதம் உழைப்புத்திறன் இழப்பாகக் கணக்கிடப்படுகிறது. மாதம் 15,000 ரூபாய் வாங்கியவர் ஆள்காட்டி விரலை இழந்தால், கூலியின் 90 சதவீதத்தில் 14 சதவீதம் என்ற கணக்கில் மாதம் ஏறக்குறைய 1,900 ரூபாய் கிடைக்கும். லேத் ஓட்டுபவருக்கு அந்த விரலின் மதிப்பு அட்டவணையில் அடங்காது. அட்டவணையை மட்டும் பார்த்தால் போதாது என்பதற்கு 1975-இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வலுவான முன்னுதாரணம். ஒடிசாவில் ஒரு திரையரங்கில் வேலை செய்தபோது விழுந்து இடது கையை இழந்த தச்சருக்கு, ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் முழு இயலாமை என்றே இழப்பீடு தரப்பட்டது. இழப்பீடு விபத்து நடந்த நாளிலேயே பாக்கியாகிவிடுகிறது என்றும் அத்தீர்ப்பு சொன்னது.

வேலையில் காயம்பட்டவருக்கு ஈ.எஸ்.ஐ. உரிமை முதல் நாளிலிருந்தே உண்டு. இருந்தும், வாகன உதிரி பாக ஆலைகளை ஆராயும் ‘சேஃப் இன் இந்தியா’ அமைப்பு, 2019 முதல் வெளியிடும் ‘கிரஷ்ட்’ அறிக்கைகளில், விபத்துக்குப் பிறகே பலருக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை தரப்படுவதைத் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளது. அவ்வறிக்கைகள் பெரும்பாலும் ஹரியானாத் தொழிலாளர்களைப் பற்றியவை. ஆனாலும் காண்ட்ராக்ட் முறை எங்கும் ஒன்றுதான்.

48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாமல் செய்யும் விபத்தைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குத் தெரிவிப்பது கட்டாயம். 2017 முதல் 2020 வரை இந்தியாவின் பதிவு பெற்ற தொழிற்சாலைகளில் ஆண்டுக்குச் சராசரியாக 1,109 சாவுகளும் 4,000-க்குச் சற்று அதிகமான காயங்களும் பதிவாயின. அதாவது ஒரு சாவுக்கு நான்கு காயம் கூட இல்லை. அமெரிக்காவில் 2022-இல் 5,486 சாவுகளுக்கு எதிரே தனியார் துறையில் மட்டும் சுமார் 28 லட்சம் காயங்களும் நோய்களும் பதிவாயின. இரு நாட்டு வரையறைகளும் வேறுதான். ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளியை அது விளக்காது. சாவை மறைப்பது கடினம்; விரலை மறைப்பது எளிது. இங்கே பெரும்பாலான காயங்கள் எழுதப்படுவதே இல்லை.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணிப்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இரு திசையிலும் இழுக்கிறது. அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையைப் பாதிக்கப்பட்டவருக்கோ குடும்பத்துக்கோ கொடுக்கும்படி நீதிமன்றம் இனி உத்தரவிடலாம். மறுபுறம், மின்விசையில் இயங்கும் பட்டறை ‘தொழிற்சாலை’ ஆவதற்கான ஆள் கணக்கு 10-இலிருந்து 20 ஆக உயர்ந்திருக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் சிறு பிரஸ் பட்டறைகள் இப்போது அந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன.