பெர்மிட் ரூமும் 'ஆன்ட்டி' வீடும்

மும்பை மதுக்கடைப் பலகைகளில் 'பெர்மிட் ரூம்' என்று எழுதியிருப்பதை நாமெல்லோரும் பார்த்திருக்கிறோம். ஏதோ ஏ.சி. ரூம் போலிருக்கிறது என்று நினைத்துப் போகிறவர்கள் உண்டு. உண்மையில் அது மதுவிலக்குக் காலத்தின் மிச்சம்.

1949-இல் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் வந்தது; 1950 ஏப்ரலில் பூரண மதுவிலக்கு அமலாயிற்று. உள்துறை அமைச்சராக இருந்த மொரார்ஜி தேசாய் இதில் விடாப்பிடியாக நின்றார். 1951-இல் பால்சரா என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், மதுசாரம் கலந்த மருந்துகளுக்கும் ஓடிகோலோன் போன்றவற்றுக்கும் இருந்த தடையை நீக்கியது. சட்டத்தின் பெரும்பகுதி நிலைத்தது.

டாக்டர் சர்டிபிகேட் காட்டினால் குடிக்கப் பெர்மிட் கிடைக்கும். வசதியுள்ளவர் வாங்கிக் கொண்டார். கூலிக்காரர் எங்கே போவார்? அவருக்காக முளைத்தவைதான் 'ஆன்ட்டி' வீடுகள். பாந்த்ரா, தோபி தலாவ் பக்கம் கோவாக் கிறிஸ்தவப் பெண்கள் பலர் வீட்டு முன்னறையிலேயே நாலு மேசை போட்டு விற்றார்கள். குமாஸ்தாவும் பத்திரிகைக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வருமானமில்லாத பல குடும்பங்களுக்கு அதுவே அடுப்பெரித்தது.

சரக்கு வந்த வழியில் நம்மவர்களும் இருந்தார்கள். தோல் பதனிடத் திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள் குடியேறிய தாராவியில், மாஹிம் கழிமுகச் சதுப்பை ஒட்டி வெல்லமும் நவச்சாரமும் போட்டு ஊறல் காய்ச்சினார்கள். லாரி டியூபில் அடைத்து ஊருக்குள் அனுப்பினார்கள். போலீஸுக்கு ஹஃப்தா தனி. வி.டி. ஸ்டேஷனில் மூட்டை தூக்கிய வரதராஜ முதலியார் வளர்ந்ததும் இந்தத் தொழிலில்தான். 1987-இல் வந்த 'நாயகன்' படத்தால் அந்தப் பெயர் ஊரெல்லாம் தெரிந்தது. தோல் ஷெட்டில் உழைத்தவர்களும் விடியற்காலையில் இட்லி அவித்து விற்ற பெண்களும் யார் நினைவிலும் இல்லை. தாராவித் தமிழன் என்றாலே சாராயம் என்று ஒரு பேச்சு மட்டும் நின்றுவிட்டது. எனக்கு இதுதான் வருத்தம்.

1972-இல் சட்டம் தளர்ந்தது. உரிமம் பெற்ற கடைகள் பெருகப் பெருக, ஆன்ட்டி வீடுகள் மறைந்தன. ஆனால் இருட்டில் பழகிய வியாபாரம் முழுதாக ஒழியவில்லை. 2015-இல் மால்வணியில் விஷச்சாராயத்துக்கு நூறு பேருக்கு மேல் பலியானார்கள். கடையை மூடினால் குடி நிற்கும் என்று சட்டம் நினைத்தது. நின்றது கடை மட்டுந்தான். விற்பனை வீட்டுக்குள் போயிற்று, சரக்கின் தரத்தைக் கேட்க ஆளில்லாமல் போயிற்று.

அந்தக் காலத்தைக் கண்ணால் கண்ட பெரியவர்கள் தாராவியில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். நல்லது கெட்டது இரண்டையும் அவர்கள் வாயால் சொல்லக் கேட்டு எழுதி வைப்பது நம் கடமை. நாம் எழுதாவிட்டால் சினிமா சொன்னதே வரலாறாகிவிடும்.