கலைக்கென ஒரு தனிப்பேழை

நாகலாபுரத்தில் வேதநாராயணர் திருக்கோயில் நிற்கிறது. தம் அன்னை நாகலாதேவியின் நினைவாகக் கிருஷ்ணதேவராயர் அமைத்த ஊர் அது என்பது மரபு. வருவாயை எண்ணாது பொருள் ஒதுக்கும் புரவலர் இருந்தால்தான் கலை நிலைக்கும். கல்லுக்குப் பொருந்தும் இவ்வுண்மை திரைக்கும் பொருந்தும் எனக் கருதுகிறோம்.

பெருஞ்செலவுப் படங்களோடு ஒரே கணக்கேட்டில் எழுதினால், கலைப்படம் என்றும் சிறிதாகவே தோன்றும். ஆதலின், அமெரிக்காவின் டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் 1994இல் சர்ச்லைட் என்னும் தனிப்பிரிவைக் கண்டது. 2019இல் தாய்நிறுவனம் டிஸ்னியின் வசமான பின்னும் அப்பிரிவு தொடர்கிறது.

நம் நாட்டில் இப்பொறுப்பைப் பெரிதும் அரசே ஏற்றது. 1960இல் திரைப்பட நிதிக் கழகம் தோன்றிற்று. அதன் உதவியால் மிருணாள் சென் 1969இல் 'புவன் ஷோம்' படைத்தார். 1975இல் அமைந்த தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு 1980இல் அது இணைந்தது. இக்கழகம் தயாரிக்க, இந்திரா பார்த்தசாரதியின் 'உச்சிவெயி'லைத் தழுவிக் கே. எஸ். சேதுமாதவன் இயக்கிய 'மறுபக்கம்', 1990ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. அவ்விருது தமிழுக்குக் கிடைத்தது அதுவே முதன்முறை.

எடுப்பதற்குப் புரவலர் வேண்டும். பார்ப்பதற்கு அவை வேண்டும். முன்னது அரசின் கடன் எனில், பின்னது நம் கடன். கடல்கடந்து வளரும் நம் பிள்ளைகள் தமிழ் வாழ்வின் மறுபக்கத்தையும் காண வேண்டாவா? ஆடலுக்கும் பாடலுக்கும் மேடையளிக்கும் நம் சங்கங்கள், ஆண்டுக்கொரு மாலைப்பொழுதை இத்தகைய படத்துக்கு ஒதுக்குமாயின், அதுவே நாம் வைக்கும் தனிப்பேழையாகும்.