இடைப்பின்னல் காணொளிச் சுருக்கத்தில் இயக்க ஈடுசெய்தல்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

தொலைக்காட்சியின் தொடக்கக் காலத்தில் பட்டை அகலத்தைச் சிக்கனப்படுத்த உருவானது இடைப்பின்னல் வருடல் முறை. அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த எண்ணிமக் காணொளிச் சுருக்கத்திற்கு அதுவே பெருஞ்சிக்கலாயிற்று. அச்சிக்கலைத் தீர்க்க இயக்க ஈடுசெய்தல் முறை எவ்வாறு செம்மைப்படுத்தப்பட்டது என்பதை எச்.261 முதல் எச்.இ.வி.சி. வரையிலான தரங்களின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இடைப்பின்னல், புலம், சட்டகம், இயக்கத் திசையன், எம்பெக்-2, எச்.264

முன்னுரை

தொழில்நுட்ப வரலாற்றில் ஒரு காலத்தின் தீர்வு மற்றொரு காலத்தின் சிக்கலாவது உண்டு. 1936 நவம்பர் 2ஆம் நாள் இலண்டன் அலெக்சாண்ட்ரா அரண்மனையிலிருந்து பி.பி.சி. தன் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியது. பெயர்டின் 240 வரி முறையும் மார்க்கோனி-இ.எம்.ஐ.யின் 405 வரி முறையும் மாறிமாறி ஒளிபரப்பப்பட்டன. பின்னது இடைப்பின்னல் முறையாகும். 1937 பிப்ரவரியில் அதுவே நிலைபெற்றது.

இம்முறையில் ஒரு சட்டகம் இரு புலங்களாகப் பிரிகிறது. ஒற்றைப்படை வரிகள் ஒரு புலத்திலும் இரட்டைப்படை வரிகள் அடுத்த புலத்திலும் வருடப்படுகின்றன. நொடிக்கு 25 சட்டகங்களுக்கான பட்டை அகலத்திலேயே 50 புலங்களை அனுப்ப முடிவதால், படம் சிமிட்டுவது குறைகிறது. எனவே இடைப்பின்னலும் ஒருவகைச் சுருக்கமே. கணினியின்றிச் செய்யப்பட்ட சுருக்கம்.

சிக்கலின் இயல்பு

இயக்க ஈடுசெய்தல் என்பது, முந்தைய படத்தின் ஒரு பகுதி எங்கு நகர்ந்துள்ளது என்பதை ஒரு திசையனால் குறித்து, கணிப்புக்கும் உண்மைப் படத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அனுப்புவதாகும். 1990இல் ஏற்கப்பட்ட எச்.261 தரம் இதனை 16 × 16 படப்புள்ளிகள் கொண்ட மேக்ரோபிளாக்குகளில் செய்தது. 1993இல் வெளிவந்த எம்பெக்-1 அரைப் புள்ளித் துல்லியத்தைச் சேர்த்தது. இரண்டும் படத்தை ஒரே கணத்தில் பதிவானதாகவே கருதின.

இடைப்பின்னலில் இக்கருதுகோள் பொருந்தாது. 720 புள்ளி அகலமுள்ள திரையை ஒரு பொருள் இரண்டு நொடிகளில் கடப்பதாகக் கொள்வோம். நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியுள்ள இரு புலங்களுக்கிடையே அது ஏழு புள்ளிகளுக்கு மேல் நகர்ந்துவிடும். இரு புலங்களையும் ஒரே சட்டகமாக அடுக்கினால் பொருளின் விளிம்பு சீப்பின் பற்கள்போல் பிளவுபடும். அவ்விளிம்பு உயர் அலைவெண் கூறுகளை மிகுவித்துப் பிட்டுகளை விழுங்கும். எம்பெக்-1 பயன்பாட்டில் ஒரு புலத்தை நீக்கிவிடுவதே வழக்கமாயிற்று. சிக்கல் அகன்றது, படத்தின் செங்குத்துத் தெளிவிலும் இயக்க ஓட்டத்திலும் பாதி இழக்கப்பட்டது.

எம்பெக்-2 கண்ட வழிகள்

ஒளிபரப்புத் தரத்தில் இவ்விழப்பை ஏற்க இயலவில்லை. 1991 நவம்பரில் ஜப்பானின் குரிஹாமாவில் பல முன்மொழிவுகள் ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டன. அதன் தொடர்ச்சியாக உருவான எம்பெக்-2, புலத்தை ஓர் அலகாக ஏற்றது. படத்தைச் சட்டகமாகவோ தனிப் புலங்களாகவோ குறியாக்கலாம். சட்டகமாகக் குறியாக்கும்போதும், ஒவ்வொரு மேக்ரோபிளாக்கும் சட்டகக் கணிப்பு, புலக் கணிப்பு ஆகியவற்றுள் தனக்கு ஏற்றதைத் தேரலாம். அசையாப் பின்னணிக்கு முன்னது பொருந்தும். விரைந்து ஓடும் பொருளுக்குப் பின்னது பொருந்தும். புலக் கணிப்பில் மேற்புல வரிகளுக்கும் கீழ்ப்புல வரிகளுக்கும் தனித்தனித் திசையன்கள் உண்டு.

இவற்றுள் நுட்பமானது இரட்டைப் பிரைம் கணிப்பாகும். ஒரே திசையனை அனுப்பி, ஒத்த புலத்திலிருந்து ஒரு கணிப்பும் எதிர்ப் புலத்திலிருந்து மற்றொரு கணிப்பும் பெற்று, இரண்டின் சராசரி கொள்ளப்படுகிறது. எதிர்ப் புலத்திற்கான திசையன் கால இடைவெளிக்கேற்பக் கணக்கிடப்படும்: மேற்புலம் முதலில் வரும் சட்டகத்தில், மேற்புலத்திற்கு அது பாதியாகவும் கீழ்ப்புலத்திற்கு ஒன்றரை மடங்காகவும் அமையும். புலங்களுக்கிடையே செங்குத்தாக அமைந்த இடப்பெயர்ச்சிக்குத் திருத்தமும், அரைப் புள்ளி அளவிலான சிறு வேறுபாட்டுத் திசையனும் சேர்க்கப்படும். இருதிசைக் கணிப்புப் படங்கள் இல்லாத, தாமதம் குறைந்த குறியாக்கத்திற்கே இம்முறை உரியது.

எச்.264உம் அதன் பின்னும்

2003இல் வந்த எச்.264 இத்தேர்வை மேலும் விரிவாக்கியது. படந்தோறும் சட்டகமா புலமா எனத் தேரும் வழியோடு, மேல்கீழாக அமைந்த இரு மேக்ரோபிளாக்குகளை (16 × 32) ஓரிணையாகக் கொண்டு இணைதோறும் தேரும் வழியும் அமைந்தது. கால் புள்ளித் துல்லியமும் சேர்ந்தது. பயன் பெரிது, ஆயினும் அண்டை மேக்ரோபிளாக்குகளின் திசையன்களைக் கொண்டு கணிக்கும் ஒவ்வொரு படியிலும் புலம், சட்டகம் என்னும் வேறுபாட்டைச் சரிசெய்ய நேர்ந்ததால் குறிநீக்கியின் சிக்கல் பெருகியது.

இதற்கிடையில் இடைப்பின்னலே தேவையா என்ற விவாதமும் எழுந்தது. அமெரிக்க எண்ணிமத் தொலைக்காட்சித் தரத்தை வகுக்கையில் கணினித் துறையினர் அதை எதிர்த்தனர். ஒளிபரப்பாளர் பலர் ஆதரித்தனர். 1996 டிசம்பரில் அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் பட வடிவங்களின் பட்டியலை விலக்கிவிட்டே தரத்தை ஏற்றது. 2013இல் வந்த எச்.இ.வி.சி. இடைப்பின்னலுக்கெனத் தனிக் கணிப்புக் கருவி எதையும் கொள்ளவில்லை. புலங்களைத் தனிப் படங்களாக அனுப்பிக் குறிப்பு மட்டும் இணைக்கலாம் என விட்டது.

முடிவுரை

படக்குழாயின் தேவைக்காகப் பிறந்த ஒரு முடிவு, படக்குழாய் மறையத் தொடங்கிய பின்னும் குறியாக்கத் தரங்களை ஆண்டது. தரங்கள் அதனைக் கைவிட்டாலும் ஆவணக் காப்பகங்களில் உள்ள பல்லாண்டுப் பதிவுகள் இடைப்பின்னலாகவே உள்ளன. அவற்றை எண்ணிமமாக்குவோர் இரு புலங்களையும் ஒரே கணமாகக் கருதிக் கலந்துவிட்டால், நொடிக்கு ஐம்பது கணங்களாகப் பதிவான இயக்கம் பாதியாகிவிடும். மூலநாடா அழிந்தபின் அதை மீட்க வழியில்லை. ஆகவே புலங்களின் வரிசையையும் தன்மையையும் காத்துச் சேமிப்பது ஆவணவியலின் கடமையும் ஆகும்.