கலிபோர்னியா தாய்மைப் பராமரிப்புத் தரக் கூட்டமைப்பு

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பேறுகால மரணங்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடிவந்த நிலையில், 2006-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு, மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையின் துணையுடன் தொடங்கப்பட்ட அமைப்பு இது. இறந்த தாய்மார்களின் மருத்துவக் குறிப்புகளை மாநில ஆய்வுக் குழு ஒவ்வொன்றாகப் படித்தபோது ஓர் உண்மை தெளிவானது. ரத்தப்போக்கால் நேர்ந்த மரணங்களில் பெரும்பாலானவற்றைத் தடுத்திருக்க முடியும். ஆபத்தைக் கண்டுகொள்வதிலும் கூடுதல் ஆட்களை அழைப்பதிலும் நேரம் வீணாகியிருந்தது.

ரத்தப்போக்கை எதிர்கொள்வதற்கான கையேட்டைக் கூட்டமைப்பு 2010-ல் வெளியிட்டது. இதன்படி மகப்பேறு மருத்துவர், செவிலியர், பேறுகால மருத்துவச்சி, மயக்க மருந்து நிபுணர், ரத்த வங்கி ஊழியர், மருந்தாளுநர் ஆகியோர் ஒரே குழுவாக அமர்ந்து, தங்கள் மருத்துவமனைக்கான நடைமுறையை முன்கூட்டியே வகுத்துக்கொள்ள வேண்டும். மருந்துகளும் கருவிகளும் ஒரே தள்ளுவண்டியில் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

இவற்றில் மிக எளிய மாற்றம் ஒரு தராசுதான். வெளியேறும் ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடும்போது, போக்கு அதிகமாக அதிகமாக மதிப்பீடு குறைவாகவே அமைகிறது. எனவே ரத்தம் தோய்ந்த துணிகளையும் பஞ்சுகளையும் செவிலியர் எடைபோட்டு, உலர்ந்த எடையைக் கழிக்கிறார்; ஒரு கிராமுக்கு ஒரு மில்லிலிட்டர் எனக் கணக்கு. குறித்த அளவு தாண்டியதும் அடுத்த கட்டச் சிகிச்சை தொடங்கியாக வேண்டும். பணியில் இளையவரான செவிலியரும் தயங்காமல் அபாயக் குரல் எழுப்ப இந்த எண் துணைநிற்கிறது. குழுவின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. ஒத்திகைகளும், ஒவ்வொரு நெருக்கடிக்குப் பின்னும் அனைவரும் கூடிப் பேசுவதும் இந்தப் பழக்கத்தை உறுதிப்படுத்துகின்றன.

இந்தக் கையேட்டை நடைமுறைப்படுத்தும் கூட்டுத் திட்டத்தில் சேர்ந்த 99 மருத்துவமனைகளில், ரத்தப்போக்குக்கு ஆளான பெண்களிடையே கடுமையான உடல்நலச் சிக்கல்கள் 20.8 சதவீதம் குறைந்ததாக 2017-ல் வெளியான ஆய்வு கூறுகிறது. சேராத மருத்துவமனைகளில் குறைவு 1.2 சதவீதமே. 2006-க்கும் 2013-க்கும் இடையே மாநிலத்தின் பேறுகால மரண விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. அதே காலத்தில் நாடு முழுவதற்குமான விகிதம் ஏறியது. இந்தச் சரிவு முழுவதையும் ஒரே திட்டத்தின் கணக்கில் எழுதுவது சரியாகாது என்றாலும், அதன் பங்கு பெரிது.

கறுப்பினத் தாய்மாருக்கும் வெள்ளையினத் தாய்மாருக்கும் இடையே ரத்தப்போக்குச் சிக்கல்களில் இருந்த ஏற்றத்தாழ்வு இம்முயற்சியால் குறுகியது; இன்னும் முற்றிலும் நீங்கவில்லை.