சத் பூஜை: மறையும் கதிரவனுக்கு முதல் வணக்கம்

பீகார், ஜார்க்கண்ட், கிழக்கு உத்தரப் பிரதேசம், நேபாளத்தின் தராய் சமவெளி ஆகிய பகுதிகளின் பெருவிழா சத் பூஜை. 'சஷ்டி' என்னும் சொல்லின் மக்கள் வழக்கே 'சத்'. வட இந்திய நாள்காட்டியின்படி கார்த்திகை மாத வளர்பிறை சஷ்டியில் இது வருகிறது. திருச்செந்தூரில் சூரசம்ஹாரம் நடைபெறும் ஐப்பசி சஷ்டியும் இதுவே. 2024-ஆம் ஆண்டில் இரண்டும் நவம்பர் 7 அன்று நிகழ்ந்தன. இவ்விழாவில் சூரியனுடன் வணங்கப்படும் சத்தி மையா, குழந்தைகளைக் காப்பவள் என நம்பப்படுகிறாள். முருகனின் துணைவி தேவசேனையே இவள் என்று கூறும் புராண மரபும் உண்டு.

விழா நான்கு நாள்கள் நடைபெறும். முதல் நாளான 'நஹாய் காய்' அன்று நீராடி, சோறு, கடலைப் பருப்பு, சுரைக்காய் ஆகியவற்றை வெங்காயம், பூண்டு இன்றிச் சமைத்து ஒருவேளை உண்பர். இரண்டாம் நாள் 'கர்னா'. அன்று பகல் முழுவதும் பட்டினி இருந்து, மாலையில் புது மண் அடுப்பில் மாவிறகு எரித்துச் செய்த வெல்லப் பாயசத்தைப் படைத்து உண்கின்றனர். அதன்பின் ஏறத்தாழ 36 மணி நேரம் ஒரு சொட்டு நீரும் அருந்துவதில்லை. இவ்விரதத்தைப் பெரும்பாலும் பெண்களே ஏற்கின்றனர், ஆண்களுக்கும் தடையில்லை.

மூன்றாம் நாள் மாலை, கோதுமை மாவும் வெல்லமும் சேர்த்து நெய்யில் பொரித்த தேக்குவா, கரும்பு, வாழைத்தார், தேங்காய் ஆகியவை மூங்கில் கூடைகளில் நீர்நிலைக்குச் செல்கின்றன. விரதமிருப்போர் இடுப்பளவு நீரில் இறங்கி, முறத்தை ஏந்தியபடி மறையும் சூரியனுக்கு அர்க்கியம் அளிக்கின்றனர். உதிக்கும் சூரியனை வணங்கும் வழக்கம் நாடெங்கும் உண்டு. அந்திச் சூரியனுக்கு இத்தகைய முதன்மை அளிப்பது அரிது. மறுநாள் விடியலில் உதயசூரியனுக்கு மீண்டும் அர்க்கியம் அளித்த பிறகே விரதம் முடிகிறது.

புரோகிதர் இவ்வழிபாட்டுக்குக் கட்டாயமில்லை. சிலையும் கோயிலும்கூட இன்றியமையாதவை அல்ல. மந்திரத்தின் இடத்தைப் போஜ்புரி, மைதிலி, மகஹிப் பாடல்களே நிரப்புகின்றன. அப்பாடல்களின் குரலாகவே அறியப்பட்ட சாரதா சின்ஹா, 2024 நவம்பர் 5 அன்று, விழாவின் முதல் நாளிலேயே காலமானார். சாதியத்தால் ஒதுக்கப்பட்ட டோம் சமூகத்தினர் முடையும் முறமே இங்குப் பூசைக்கலம். பாட்னாவில் மண் அடுப்புகளைச் செய்து விற்போரில் முஸ்லிம் பெண்கள் பலர்.

ஆனால் நீர் இன்றி இவ்வழிபாடு இல்லை, சிக்கலும் அங்கேதான். புலம்பெயர்ந்த தொழிலாளர்களுடன் விழா டெல்லிக்கும் மும்பைக்கும் சென்றது. டெல்லியில் சுத்திகரிக்கப்படாத கழிவுநீரும் சலவைத்தூள் எச்சமும் கலந்த யமுனை, ஓக்லா தடுப்பணையில் விழுந்து காளிந்தி குஞ்ச் அருகே வெண்ணுரையாகப் பொங்குகிறது. அந்நுரைக்கு நடுவே பெண்கள் நின்று வழிபட்ட படங்கள் 2021-இல் நாடெங்கும் பேசப்பட்டன. கீதா காலனி யமுனைக் கரையில் பூஜை நடத்த அனுமதி கோரிய மனுவை, நீரின் மாசைச் சுட்டிக்காட்டி, டெல்லி உயர் நீதிமன்றம் 2024 நவம்பர் 6 அன்று ஏற்க மறுத்தது. தலைநகரின் பூங்காக்களிலும் திடல்களிலும் தோண்டப்படும் செயற்கைக் குளங்களிலேயே பலர் அர்க்கியம் அளிக்கின்றனர்.