வெடிக்காத பாலம்

1957ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு நாள், களனி கங்கைக் கரையிலுள்ள கித்துல்கலையிலே, அந்நாளைய பிரதம மந்திரி திரு. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவும் பிரமுகர் பலரும் ஒரு பாலம் தகர்க்கப்படுவதைக் காணக் கூடியிருந்தனர். தகர்ப்பதற்கென்றே கட்டப்பட்ட பாலம் அது. ஆங்கில இயக்குநர் டேவிட் லீன், 'குவாய் நதிப் பாலம்' என்னும் திரைப்படத்துக்காக, பெரு மரங்களைக் கொண்டு, யானைகளின் துணையோடு அதனை அமைப்பித்தார். நீளம் சுமார் 425 அடி. நீர்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 50 அடி உயரம். புகையிரதம் அதன்மேல் வருங் கணத்தில் வெடிமருந்து வெடிக்க வேண்டும். வேறு பாலம் இல்லை. ஆகவே ஒத்திகையும் இல்லை.

பல இடங்களில் கமராக்கள் நிறுத்தப்பட்டிருந்தன. ஒவ்வொரு கமராக்காரரும் தமது கருவியை இயக்கிவிட்டுப் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கியதும் ஒரு விசையை அழுத்துவார். இயக்குநர் இருக்குமிடத்தில் அவருக்குரிய விளக்கு எரியும். எல்லா விளக்குகளும் எரிந்தாலன்றி வெடியில்லை என்பது ஏற்பாடு.

புகையிரதம் புறப்பட்டது. சாரதி குதித்து விலகினார். ஆளில்லா வண்டி பாலத்தை நெருங்குகிறது. ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை.

பல மாத உழைப்பும் பெரும் பணமும் ஒருபுறம். எங்கே நிற்கிறாரென்று தெரியாத ஒரு கமராக்காரர் மறுபுறம். யோசிப்பதற்குக் கிடைத்தவை சில விநாடிகளே. லீன் வெடியை நிறுத்தினார். வண்டி பாலத்தைச் சேதமின்றிக் கடந்து, மறுகரையில் நின்ற மின்பிறப்பாக்கி ஒன்றில் மோதியது. விருந்தினர் வெடியைக் காணாமலே திரும்பினர்.

இதனைத் துரதிர்ஷ்டமென்றே பலருங் கூறுவர். நான் அவ்வாறு எண்ணவில்லை. விளக்கு தனக்கிட்ட வேலையைச் செய்தது. வெடி நிகழாவிடில் வண்டி எங்கே போய் நிற்கும் என்பதற்குத்தான் போதிய முன்னேற்பாடு இருந்ததாகத் தோன்றவில்லை. வேடிக்கை யாதெனில், இப்படத்துக்கு மூலமான பியர் பூலின் பிரெஞ்சு நாவலிலும் பாலம் தகர்வதில்லை!

படம் கூறும் கதையையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். 1942, 1943ஆம் ஆண்டுகளில் யப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்குமிடையே அமைத்த புகையிரதப் பாதையில் 12,000க்கு மேற்பட்ட போர்க்கைதிகள் மடிந்தனர். மலாயா இரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவரும் அங்கேயே மாண்டனர். அவர்கள் கதை இப்படத்தில் சொல்லப்படவில்லை. மனித உயிர் அவ்வளவு மலிவாகக் கொள்ளப்பட்ட பாதையின் கதையைப் படமெடுக்கும்போது, ஓர் ஆளின் உயிருக்காக அனைத்தும் நிறுத்தப்பட்டன.

மோதிய வண்டி செப்பனிடப்பட்டுத் திரும்பவும் தண்டவாளத்தில் ஏற்றப்பட்டது. மறுநாட் காலை விளக்குகள் யாவும் எரிந்தன. பாலம் புகையிரதத்தோடு ஆற்றில் வீழ்ந்தது. 1958இல் அப்படம் ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. கித்துல்கலைக்குச் செல்வோர் அப்பாலத்தின் அத்திவாரத்தை ஆற்றங்கரையில் இன்றும் காணலாம்.