கடல் கடந்த பெண் தேடலும் பழவேற்காடும்

முகமறியாத ஒருவரைத் தொலைவிலிருந்து தேடிப் பிடித்து மணமுடிக்க முனைவதும், அது தோதுப்படாதெனக் கண்டு ஒருகட்டத்தில் கைவிடுவதும் இணையத் திருமணத் தளங்களோடு தோன்றிய வழக்கங்கள் அல்ல. பழவேற்காட்டைச் சோழமண்டலக் கரையின் தலைமையிடமாகக் கொண்டிருந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இரண்டையும் செய்து முடித்துவிட்டது. 1610இல் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரின் இசைவோடு இங்கே பண்டகசாலை அமைத்த கம்பெனி, 1612இல் சாந்தோம் போர்த்துக்கேயர் அதை அழித்தபின், 1613இல் கெல்திரியாக் கோட்டையைக் கட்டியது. கோட்டைக்கு வந்து சேர்ந்த சிப்பாய்களும் எழுத்தர்களும் பெரும்பாலும் மணமாகாதவர்கள்.

குடும்பமில்லாதவன் கீழைநாட்டில் வேர்கொள்ளமாட்டான் என்று கருதிய தலைமை ஆளுநர் யான் பீட்டர்சூன் கூன், நெதர்லாந்திலிருந்து இளம்பெண்களை அனுப்புமாறு மேலிடத்தை வற்புறுத்தினார். அதன்படி 1620களில், அநாதை இல்லப் பெண்கள் உட்படச் சிலர், துணிமணியும் சீதனமும் தரப்பட்டு, குறிப்பிட்ட ஆண்டுகள் அங்கேயே தங்குவதாக ஒப்பந்தம் செய்துகொண்டு கப்பலேறினர். ‘கம்பெனியின் மகள்கள்’ என்பது அவர்களுக்கு வழங்கிய பெயர். அவர்கள் போய் இறங்கியது இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவில். பழவேற்காட்டுச் சிப்பாய்க்கு அத்திட்டம் எட்டாக்கனியே. அதே ஆண்டுகளில் பழவேற்காட்டிலிருந்து அடிமைகளாக விலைக்கு வாங்கப்பட்ட ஆண்களும் பெண்களும் பத்தாவியாவுக்கு ஏற்றப்பட்டதையும், அங்கே அடிமைப் பெண்களை விலைகொடுத்து மீட்டு மணந்துகொண்ட டச்சுக்காரர் இருந்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தப் பெண் தேடலின் முழு உருவம் தெரியும்.

1632இல், கம்பெனியை ஆண்ட பதினேழு பேர் கொண்ட இயக்குநர் குழு, இளம்பெண்களை அனுப்பும் இச்செலவை நிறுத்தியது. பயணச் செலவு மிகுதி என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய குறை, ஐரோப்பியத் தம்பதியர் கம்பெனியின் கண்ணில் மண்ணைத் தூவிச் சொந்த வணிகம் செய்து, கைநிறையப் பொருளோடு ஊர் திரும்பவே விரும்பினர் என்பது. ஆசியப் பெண்ணை மணப்பவர், அவள் ஞானஸ்நானம் பெற்றிருக்கவேண்டும், கணவனும் கீழைநாட்டிலேயே தங்கவேண்டும் என்னும் நிபந்தனைகளுக்கு உட்பட்டனர். மணமக்களின் விருப்பத்துக்கென்று அந்தக் கணக்கேட்டில் தனிப் பத்தி எதுவும் இருந்ததாகத் தோன்றவில்லை.

போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்களான கிறித்தவக் குடும்பங்கள் ஏற்கெனவே வாழ்ந்த பழவேற்காட்டில், பெண் தேடக் கடல் கடக்க வேண்டியிருக்கவில்லை. 1632 முதல் பத்தாண்டுகள் இங்கே போதகராக இருந்த ஆபிரகாம் ரொகேரியுஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டறிந்து எழுதிய, ரொகேரியுஸின் மறைவுக்குப்பின் 1651இல் அச்சான நூலில், இவ்வூர்ப் பிராமணரின் மணச் சடங்குகளும் இடம்பெற்றன.

கோட்டைக்கு அருகிலுள்ள, பட்டினவர் என்னும் மீனவச் சமூகத்தாரின் குப்பங்களில் மணத்தின் பொருள் வேறு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகியவற்றில் 20ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் பதிவுசெய்த ‘பாடு’ முறை, பழவேற்காடு ஏரியில் இறால் படும் இடங்களில் யார் எந்த நாளில் வலையிடலாம் என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைக்கும் ஏற்பாடாகும். அந்த உரிமை ‘தலைக்கட்டு’, அதாவது ஊர்வரி செலுத்தும் குடும்பத் தலைவர், என்று ஊர் ஏற்றுக்கொண்டவருக்கே உண்டு. பொதுவாக மணமான ஆணே தலைக்கட்டாக எண்ணப்பட்டான். கணக்குப் பார்த்துப் பெண் தேடலை நிறுத்திவிடக் கம்பெனியால் முடிந்தது. குப்பத்து இளைஞன் அவ்வாறு நிறுத்தினால், சீட்டுப் போடும் நாளில் அவன் பெயர் சீட்டுகளில் இராது.